ராஜதந்திரியின் தங்கை

கொன்றைப்பேடு
12–6–1956

பிரியமுள்ள தங்கை மணியம்மாளுக்கு, அண்ணன் சடையப்பன் ஆசி கூறி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணியும் மகன் சுப்பிரமணியும் சுகம். கடம்பத்தூரில் நீயும் மகள் சந்திரகலாவும் சுகந்தானே. மாப்பிள்ளை அப்பாவு அவர்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நிற்க. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு என்னைப் போட்டியில்லாமல் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், என் பெயரை முன்மொழிந்தவரே கீழத்தெரு அருணாச்சலம்தான். நம் வைக்கோல் போரைக் கொளுத்திய அதே அருணாச்சலம். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து காப்பி குடித்ததை நம்மைப் பெற்ற நைனா இருந்து பார்த்திருந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கே படிப்பகமும் திறந்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் சாலமோன் எனக்கு வாழ்த்துமடல் வாசித்து அளித்தார். அதில் ஓர் இடத்தில், "ராஜதந்திரத்தில் வல்லவரே" என்று என்னை அழைத்திருக்கிறார். வாசித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஒரு நகல் இத்துடன் இருக்கிறது. நீ ஐந்தாவது வரை படித்தவள்; வாசித்துப் பார்த்து உன் அபிப்பிராயத்தை எழுது.

இப்படிக்கு, உன் அண்ணன்
சடையப்பன்
(தலைவர், பஞ்சாயத்து போர்டு)


கடம்பத்தூர்
20–6–1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை மணியம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். இவருடைய முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, மழை வராவிட்டாலும் வலிக்கிறது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும்.

வாழ்த்துமடலை மூன்று பேருமாகப் படித்தோம். சந்திரகலாதான் உரக்க வாசித்தாள். சந்தோஷம். ஆனால் அந்த ராஜதந்திரம் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் இடித்தது. போன மாதம் எங்கள் ஊர் மாட்டுத் தரகன் ஒருவன், நொண்டி எருதைச் சேற்றில் நிறுத்தியே காட்டி விற்றுவிட்டான். வாங்கினவர் ஓட்டிக்கொண்டு போனபிறகுதான் கால் தெரிந்தது. அப்போது சந்தையில் இருந்தவர்கள் எல்லாம் அந்தத் தரகன் முதுகில் தட்டி, "பெரிய ராஜதந்திரிடா நீ" என்றார்கள். சாலமோன் வாத்தியார் எந்த அர்த்தத்தில் எழுதினார் என்று கேட்டு எழுதுங்கள். அருணாச்சலத்தை எப்படி வளைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த ஆள் சும்மா வளைகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

முக்கியமான சங்கதி இது. சந்திரகலாவுக்கும் சுப்பிரமணிக்கும் இந்தத் தையில் முகூர்த்தம் வைத்துவிடலாமா? அவள் பிறந்தபோது தொட்டில் பக்கத்தில் நின்று, "இது என் ஊட்டுக்கு வர்ற மருமக" என்று சொன்னவர் நீங்கள். திருவள்ளூரிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. அரக்கோணத்திலிருந்து ஒன்று வந்தது. "முறை இருக்கும்போது வெளியே பேசாதே" என்று நீங்கள் எழுதியதால் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டோம். இனி யாரும் வர மாட்டார்கள். பெண் மாமன் வீட்டுக்கு உரியவள் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நல்ல வார்த்தை எழுதவும்.

தங்கள் அன்புத் தங்கை
மணியம்மாள்


கொன்றைப்பேடு
9–8–1956

பிரியமுள்ள தங்கைக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஓய்வே இல்லை. ஊத்துக்கோட்டைச் சாலையிலிருந்து ஊருக்குள் கப்பி ரஸ்தா போடுகிறோம். இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

நீ கேட்டதைத் தலைமையாசிரியரிடம் கேட்டேன். தரகன் கதையைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது தெருவுல புழங்கிப் புழங்கிக் கெட்டுப்போன அர்த்தம் சார். எழுத்துல இருக்கிற அர்த்தம் வேற" என்றார். ராஜதந்திரம் என்றால் ஒரு நாட்டை ஆளுகிறவன் கத்தியை எடுக்காமல், பகையை வளர்க்காமல், பிடிக்காதவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காரியம் முடிக்கிற திறமை. வஞ்சகம் வேறு, இது வேறு. வஞ்சகன் தனக்காகச் செய்வான், ராஜதந்திரி நாட்டுக்காகச் செய்வான். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் பார். இந்த வருஷம் ஏரி மதகில் சண்டை இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு ஆளாளுக்குக் கொம்போடு வருவார்கள். இப்போது வெற்றிலைப் பையோடு வருகிறார்கள். திருவிழாவில் அம்மன் கீழத்தெருவுக்குள்ளும் போய் வந்தாள்.

மற்ற விஷயம் நேரில்.

இப்படிக்கு
சடையப்பன்


கடம்பத்தூர்
16–8–1956

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

சொல்லுக்கு அர்த்தம் கிடைத்தது. வாத்தியாருக்கு நன்றி சொல்லவும். நான் இரண்டு கேள்வி கேட்டதோடு ஒரு முகூர்த்தமும் கேட்டிருந்தேன். அருணாச்சலத்தை வளைத்த விதத்துக்குப் பதில் இல்லை. முகூர்த்தத்துக்கு "மற்ற விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்குச் சந்திரகலா என்று பெயர் வைத்தவர் நீங்கள்தான்.

நேரில் என்றால் எப்போது? திருவள்ளூர் தாலுகா கச்சேரிக்கு மாதம் இரண்டு தடவை வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து கடம்பத்தூர் ரயிலில் எட்டிப் பிடிக்கிற தூரம். பதில் எழுதவும்.

மணியம்மாள்


கடம்பத்தூர்
5–10–1956

அண்ணன் அவர்களுக்கு. சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனசு வரவில்லை. அண்ணி மட்டும் நன்றாக இருக்கட்டும்.

ஊத்துக்கோட்டையிலிருந்து வெற்றிலைக் கூடை கொண்டுவருகிற கோபால் நேற்று வந்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இன்னாம்மா, அண்ணன் ஊட்டுக் கல்யாணத்துக்கு எப்ப கெளம்புறீங்க?"

"யார் கல்யாணம்பா?"

"சுப்பிரமணிக்குத்தான். கீழத்தெரு அருணாச்சலம் இல்ல, அவரு அக்கா பொண்ணு, சின்னப்பொண்ணுன்னு பேரு. தாயில்லாத பொண்ணுன்னு அவருதான வளத்துக்கினு இருக்காரு. வெத்தல பாக்கு மாத்தி நாலஞ்சு மாசம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வெற்றிலைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. நாலைந்து மாதம் என்றால், நீங்கள் வாழ்த்துமடலை எனக்கு அனுப்பியபோதே தாம்பூலம் மாற்றி முடிந்திருக்கிறது. அருணாச்சலம் எதற்காக உங்கள் பெயரை முன்மொழிந்தார் என்பது எனக்கு இப்போது விளங்கிவிட்டது.

சந்திரகலா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோபால் போகும்வரை வெளியே வரவில்லை. போனபிறகு வந்து, "மாமா ஒரு கடுதாசி போட்டிருக்கலாம் இல்லம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரவு சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. அதை உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மணியம்மாள்


கொன்றைப்பேடு
14–10–1956

தங்கை மணியம்மாளுக்கு ஆசி.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் எழுதத் தள்ளிக்கொண்டே வந்தேன். கொஞ்சம் நிதானமாகக் கேள்.

கல்யாணமாகிப் போனவள் நீ. இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுக்கத் தெரியாது. போன வருஷம் மதகுச் சண்டையில் நம் பங்காளி மகனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. கீழத்தெருவில் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான். இருபக்கமும் பாதிப் பேர் திருவள்ளூர் கோர்ட்டு வாசலிலேயே குடியிருந்தார்கள். இன்னொரு அறுவடை அப்படிப் போயிருந்தால் கொலையில் முடிந்திருக்கும். நானே அருணாச்சலம் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க அக்கா செத்த அன்னிக்கு அதும் பொண்ண நல்ல ஊட்ல குடுக்கிறேன்னு சத்தியம் பண்ணினேன். உன் புள்ளயக் குடு. ரெண்டு தெருவும் ஒண்ணாயிடும்" என்றார். நான் ஊரை யோசித்தேன். ஒரு பெண்ணின் மனத்தாங்கலா, ஊரில் விழப்போகிற பிணமா என்று பார்த்தேன். பெரிய பெரிய ராஜாக்களே பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் ஜாதி வழக்கம் உனக்குத் தெரியும். உரிமைப்பெண் இருக்கும்போது வெளியே சம்பந்தம் செய்தால், அவள் தாயார் முறைத்தட்டை வாங்கிக்கொண்டு முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தக்கால். தட்டைக் கோபாலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புடவை காஞ்சிபுரத்தில் எடுத்தது. மறுக்காமல் வாங்கிக்கொண்டு, வாங்கியதாக இரண்டு வரி எழுது. அண்ணன் மானம் உன் கையில் இருக்கிறது. சந்திரகலாவுக்கு நான் வேறு வரன் பார்க்கிறேன்.

சடையப்பன்


கடம்பத்தூர்
22–10–1956

அண்ணனுக்கு.

தட்டைக் கோபாலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புடவையை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அவன் பாவம், வெற்றிலைக் கூடையையும் உங்கள் தட்டையும் ஒரே தலையில் சுமந்துகொண்டு இரண்டாவது தடவையாகப் போகிறான்.

முறைத்தட்டு ஆள் கையில் கொடுத்தனுப்புகிற சாமானா? மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தாய் வாசலில் நிற்க வேண்டும். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, முறையை விட்டுக்கொடு என்று கேட்க வேண்டும். மறுபக்கத்துப் பெண்ணின் மனிதர்கள் அதைப் பார்க்க வேண்டும். நம் நைனா அவர் அக்கா வாசலில் அப்படி நின்றதை உங்கள் கல்யாணத்தின்போது நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். அத்தை வெகு நேரம் அவரை நிற்க வைத்தாள். நைனா அசையாமல் நின்றார். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் வாத்தியார் சொன்ன அர்த்தத்தை நான் பல தடவை படித்தேன். நல்ல அர்த்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். சமாதானத்துக்கு விலை உண்டு. ராஜா அதைத் தன் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்கு ராஜதந்திரம் என்று பெயர் சொல்லலாம். அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கைதட்டலைத் தான் வாங்கிக்கொண்டால் அதற்கு வேறு பெயர். நீங்கள் கொடுத்தது என் மகளை. வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லி அவளை வீட்டில் உட்கார வைத்ததும் நீங்கள். உங்களுக்கு ஏதாவது குறைந்ததா? மகனுக்குக் கல்யாணம், தலைவர் பதவி, கண்ணாடிக்குள் ஒரு மடல். எல்லாம் வரவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சண்டை நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. கை போனவன் என்னோடு பள்ளிக்கூடம் வந்தவளின் மகன். நீங்கள் முதல் மாதமே இங்கே வந்து, "மணி, ஊரு பொழைக்கணும், இன்னா பண்ணலாம் சொல்லு" என்று கேட்டிருந்தால், அழுதுகொண்டாவது விட்டுக் கொடுத்திருப்பேன். சந்திரகலாவும் கொடுத்திருப்பாள். நீங்கள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேரில் வந்து கேளுங்கள். இல்லாவிட்டால் தட்டை வாங்க மாட்டேன்.

மணியம்மாள்


கொன்றைப்பேடு
1–11–1956

மணியம்மாளுக்கு.

உன் கடிதம் கண்டேன். அண்ணனுக்கு எழுதுகிற கடிதமா அது? உன்னை ஐந்தாவது வரை படிக்க வைத்தது நைனா செய்த தப்பு.

நான் பஞ்சாயத்து போர்டு தலைவர். தாசில்தார் எனக்கு நாற்காலி போடச் சொல்கிறார். தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து உன் வாசலில் பிச்சைக்காரன்போல நிற்க வேண்டுமா? நின்றால் அருணாச்சலம் என்ன நினைப்பார்? என்னை அடக்கித் தங்கை ஆள்கிறாள் என்று கீழத்தெரு சிரிக்கும். நான் கட்டிக் காப்பாற்றிய மரியாதை அன்றோடு போகும்.

நீ வாங்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. இங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. இந்தப் பொங்கலிலிருந்து உனக்குச் சீர் வராது. உனக்கு ஓர் அண்ணன் வீடு இருப்பதையே மறந்துவிடு.

சடையப்பன்


கொன்றைப்பேடு
25–11–1956

தங்கை மணியம்மாளுக்கு ஆசீர்வாதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையின் முழங்காலுக்குத் தடவ இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, அனுப்பட்டுமா? எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சரியாகச் சாப்பிட முடியவில்லை.

போன கடிதத்தில் கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அண்ணியைத் தட்டோடு அனுப்பினால் வாங்கிக்கொள்வாயா? ரஸ்தா வேலையில் ஆள் நிற்கிறது, அதனால்தான் என்னால் வர முடியவில்லை. தையில் முகூர்த்தம். உடனே பதில் போடு.

சடையப்பன்


கடம்பத்தூர்
12–12–1956

பஞ்சாயத்து போர்டு தலைவர் சடையப்பன் அவர்களுக்கு, கடம்பத்தூர் மணியம்மாள் எழுதிக்கொண்டது. காய்ச்சல் குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மூவரும் சுகம்.

உங்கள் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முறைத்தட்டை வாங்கிக்கொண்டேன். பந்தக்கால் நடலாம்.

போன வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் தட்டு இருந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, தலை அவ்வளவு நரைத்திருந்தது. இவர்தான் எழுந்து நின்று, "வாங்க" என்றார். அவர் உள்ளே வரவில்லை.

"நான் கீழத்தெரு அருணாச்சலம்மா. உங்க ஊட்டு வைக்கப்போரக் கொளுத்துனது என் ஆளுங்கதான். நான் தடுக்கல. அத மொதல்ல சொல்லிட்டு அப்பால பேசுறேன்" என்றார்.

நான் வாசற்படிக்கு வந்தேன். அவரே பேசினார்.

"உங்க அண்ணன் ரெண்டு மாசமா, தட்டு வாங்கியாச்சு, வாங்கியாச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நம்ம கோபால்தான் உண்மையச் சொன்னான். பந்தக்கால் நட மாட்டேன்னுட்டேன். உங்க வயித்தெரிச்சல வாங்கிக்கினு என் பொண்ணு அந்த ஊட்டுக்குள்ள போவக் கூடாது. அவரு வரமாட்டாராம். நான் வந்துட்டேன். இது என் அக்கா பொண்ணுக்காக. முறைய விட்டுக் குடும்மா."

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கப்படி அவர் பார்க்க வந்திருக்க வேண்டியவர், கேட்க வந்திருக்க வேண்டியவர் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவரை நிற்க வைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபப்பட்டு அழவில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டிய முகம் அங்கே இல்லையே என்று அழுதேன்.

சந்திரகலா என் பின்னால் வந்து நின்றாள். "அவரு கேக்குறாரு இல்லம்மா. குடுத்துடு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். சாப்பிடச் சொன்னோம். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "எனக்குக் கூடப் பொறந்தவ செத்துட்டா. நீ எனக்குத் தங்கச்சியா இருக்கிறியா?" என்று கேட்டார். நான் சரி என்றேன். பெண்ணின் தாய்மாமன் என்பதால், சம்பந்த முறையிலும் அவர் எனக்கு அண்ணன்தான் ஆகிறார்.

அன்று சாயங்காலம் அவர் நேராக ஊருக்குத் திரும்பவில்லை. திருவள்ளூரில் இறங்கி, நாங்கள் முன்பு திருப்பி அனுப்பிய அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லி, பெண்ணைப் பற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறார். இந்தத் திங்கட்கிழமை அவர்கள் வந்து பார்த்தார்கள். சந்திரகலாவிடம் நான் தனியாகக் கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். மாசியில் முகூர்த்தம்.

உங்கள் மகன் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் வருவோம். சின்னப்பொண்ணுவை வாழ்த்துவோம். அவள்மேல் எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சுப்பிரமணி மேலும் இல்லை.

சந்திரகலா கல்யாணப் பத்திரிகை உங்களுக்குத் தபாலில் வரும். தாய்மாமன் என்று போட வேண்டிய இடத்தில் அருணாச்சலம் அண்ணன் பெயர் இருக்கும். மணையில் உட்காரும் பெண்ணுக்கு மாலை போடுவதும், நெற்றியில் பட்டம் கட்டுவதும் அவர்தான். சந்திரகலாவே அவரிடம் கேட்டுக்கொண்டாள்.

நீங்களும் அவசியம் வர வேண்டும். பந்தலில் முன்வரிசையில், பஞ்சாயத்து போர்டு தலைவருக்கு என்று ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு
மணியம்மாள்